ரூ. 9,500 கொடுத்து வாங்கிய குடல் அறிக்கை

சென்ற தை மாதம் என் கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியது. பல் மருத்துவர் ஏழு நாளைக்கு அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பல்வலி மூன்றாம் நாளே அடங்கிவிட்டது. நான்காம் நாள் வயிறு கெட்டது. மாத்திரை முடிந்ததும் பேதி நின்றதே தவிர, அடுத்த ஒரு மாதத்துக்கு எதைச் சாப்பிட்டாலும் அரை மணி நேரத்தில் வயிறு மத்தளம்போல் உப்பிக்கொள்வதும், காலையில் மூன்று முறை போயும் திருப்தியில்லாமல் திரும்புவதும் வழக்கமாகிப் போயின. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "அப்பா, ஆன்டிபயாட்டிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்னுடும். எது போச்சு, எது இருக்குன்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்" என்று சொல்லி, மறுநாளே ஒரு நிறுவனத்தின் குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனைப் பெட்டியை மதுரையிலுள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பச் செய்தான். விலை ரூ. 9,500. அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இவ்வகைப் பரிசோதனையை விற்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. பின்னால் சொல்லப்போவதுபோல, ஒன்றுக்கு இரண்டு நிறுவனங்களிடம் நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை இந்தப் பரிசோதனை முறைக்கே உரியவை என்பதால், ஒரு பெயரைச் சொல்லி மற்றவற்றைத் தப்பவிடுவது முறையாகாது. எனக்குத் தேவைப்பட்டது இரண்டே கேள்விகளுக்கான விடை: என் வயிறு ஏன் உப்புகிறது, நான் என்ன சாப்பிட வேண்டும்? அறிக்கையை அந்த இரண்டு கேள்விகளைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

பெட்டியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழிவறை இருக்கையின் குறுக்கே ஒட்டிக்கொள்ளும் தாள், மூடியோடு சிறு கரண்டி பொருத்திய குப்பி, அதனுள் டி.என்.ஏ. சிதையாமல் காக்கும் திரவம், கையுறை, பட்டைக்குறி ஒட்டிய உறை, பணம் கட்டிய கூரியர் பை என எல்லாம் கச்சிதமாக இருந்தன. பயறளவு மாதிரி போதும். திரவம் இருப்பதால் பனிக்கட்டியில் வைக்கத் தேவையில்லை. கூரியர்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிச் சென்றார். வழிமுறைத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது ஒரு குறை; தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சிடுவது பெரிய செலவில்லை. அதன் பிறகு கைபேசிச் செயலியில் அறுபதுக்கும் மேற்பட்ட கேள்விகள். வயது, எடை, தூக்கம், மது, புகை, காய்கறி எத்தனை முறை, கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தேன். அந்த 'ஆம்' என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்கு வாரம் கழித்து நாற்பத்திரண்டு பக்க அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் நீல வட்டத்துக்குள் "உங்கள் குடல் நல மதிப்பெண் 54" என்றிருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை என்பதால் சற்றுக் கலங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பக்கத்தில் "உங்கள் உடலில் மனித செல்களைவிடப் பாக்டீரியாக்கள் பத்து மடங்கு அதிகம்" என்ற வாக்கியத்தைப் படித்தபோது கலக்கம் குறைந்து சந்தேகம் வந்தது. இந்தப் பத்து மடங்குக் கணக்கு மிகப் பழையது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் மிலோவும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் அதை மறுபடி கணக்கிட்டுத் திருத்தினார்கள். 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்களும் 30 லட்சம் கோடி மனித செல்களும் உள்ளன என்பதும், அவ்வளவு பாக்டீரியாக்களின் மொத்த எடை சுமார் 200 கிராம்தான் என்பதும் அவர்களுடைய கணிப்பு. துறையிலுள்ளவர்கள் எல்லாரும் அறிந்த திருத்தம் இது. அதைக்கூடச் சேர்க்காத அறிக்கையின் மற்ற பக்கங்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

இருந்தாலும் நுண்ணுயிர்ச் சமநிலை என்பதே வெறும் வியாபாரப் பேச்சு என்று சொல்ல நான் வரவில்லை. நாம் உண்ணும் உணவில் ஒரு பகுதியை நம்முடைய நொதிகளால் உடைக்க முடியாது. கீரையின் நார், பயறுகளின் தோல், வாழைத்தண்டு, ஆறிய சோற்றில் உருவாகும் செரிமானத்துக்கு எதிர்த்து நிற்கும் மாவுச்சத்து ஆகியவை சிறுகுடலைக் கடந்து அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரை மூடியுள்ள செல்களுக்கு இவற்றில் பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். இரத்தத்தில் வரும் சர்க்கரையைவிட அதையே அவை பெரிதும் நம்பியிருக்கின்றன. அந்தச் சுவர் உறுதியாக இருந்தால் நீரும் உப்பும் ஒழுங்காக உறிஞ்சப்படும். குடலுக்குள் இருக்க வேண்டியவை குடலுக்குள்ளேயே இருக்கும். புளிக்கும்போது வாயுவும் உண்டாகும். ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் எல்லாருக்கும் உண்டு. சிலருடைய குடலில் வாழும் மெத்தனோபிரெவிபாக்டர் என்னும் நுண்ணுயிர் அந்த ஹைட்ரஜனை மீத்தேனாக மாற்றும். மீத்தேன் மிகுந்தவர்களுக்குக் குடலின் நகர்ச்சி மெதுவாகி மலச்சிக்கல் காணப்படுவதும் உண்டு.

ஆன்டிபயாட்டிக் இந்த ஏற்பாட்டைக் கலைக்கிறது. புளிக்கவைப்பவை குறைந்தால், உடையாத மாவுச்சத்து பெருங்குடலில் அப்படியே தங்கித் தண்ணீரை இழுக்கும். பித்த அமிலங்களை மாற்றியமைக்கும் பாக்டீரியாக்கள் குறைந்தால், மாறாத பித்த அமிலமும் பெருங்குடலைத் தூண்டித் தண்ணீரை வெளியேற்றும். என் நான்காம் நாள் பேதிக்கு இவை காரணமாக இருந்திருக்கலாம். நிலைமை முற்றினால் கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் கிருமி காலியான இடத்தைப் பிடித்துக்கொண்டு கடுமையான குடல் அழற்சியை உண்டாக்கும். சமநிலை என்ற கருத்துக்கு மிக வலுவான சான்று கிடைத்ததும் அந்த நோயில்தான். நெதர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், இக்கிருமியால் மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்ட 16 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலைக் குடலில் செலுத்தியபோது 13 பேர் முதல் முறையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்த 13 பேரில் குணமானவர்கள் 4 பேர். கேட்கவே அருவருப்பாகத் தோன்றும் இந்தச் சிகிச்சையின் வணிக வடிவங்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இலும் 2023-இலும் ஒப்புதல் அளித்தது. ஆகவே அறிவியல் இருக்கிறது. என் கையிலிருந்த நாற்பத்திரண்டு பக்கம் அந்த அறிவியலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதே கேள்வி.

முதல் சிக்கல் சதவீதம். அறிக்கையில் உள்ள எல்லா எண்களும் விழுக்காட்டில்தான் இருக்கின்றன. எந்தப் பாக்டீரியா எத்தனை கோடி இருக்கிறது என்ற தகவல் எங்கும் இல்லை. மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும் ஒரு பேருந்தில் 40 பேர் இருக்கிறார்கள், அவர்களில் 10 பேர் கல்லூரி மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் 25 விழுக்காடு. ஒத்தக்கடையில் மற்றவர்களில் 20 பேர் இறங்கிவிட்டால் மாணவர் 50 விழுக்காடு ஆகிவிடுவார்கள். ஒரு மாணவர்கூடப் புதிதாக ஏறவில்லை. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவரின் குடலில் நடப்பது ஏறக்குறைய இதுதான். "உங்களிடம் இந்தப் பாக்டீரியா மிகுதி" என்று சிவப்பில் எழுதியிருந்தால், அது பெருகியதா, மற்றவை செத்தனவா என்பதை அந்த எண்ணைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அறிக்கை அதைச் சொல்ல முயலவும் இல்லை. நேராகச் சிவப்பு அடித்துவிட்டது.

சிவப்பு அடிக்கப்பட்டவற்றுள் முதலாவது ப்ரிவோட்டெல்லா. "அழற்சியோடு தொடர்புடையது, பரிந்துரைக்கப்பட்ட அளவைவிட மிகுதி" என்று குறிப்பு. யாருடைய அளவு, யாருக்குப் பரிந்துரைக்கப்பட்டது? தானியமும் பயறும் காய்கறியும் மிகுதியாக உண்ணும் மக்களின் குடலில் ப்ரிவோட்டெல்லா மேலோங்கி இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்ட இயல்பு. போபாலிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தார், போபால் பகுதியையும் கேரளத்தையும் சேர்ந்த 110 ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் சைவ உணவு உண்ணும் போபால் பகுதியினரிடம் ப்ரிவோட்டெல்லா மிகுந்திருந்தது. மீனும் இறைச்சியும் உண்ணும் கேரளத்தாரிடம் பாக்டீராய்டிஸ் போன்றவை கூடுதலாக இருந்தன. இருசாராரும் நலமாக இருந்தவர்கள்தாம். ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, மூன்று வேளையும் அரிசியும் பருப்பும் உண்ணும் மதுரைக்காரனை எந்த ஊர்க்காரரோடு ஒப்பிட்டு இந்தச் சிவப்பை அடித்தார்கள் என்பதை அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். "எங்களுடைய சொந்தத் தரவுத்தளம்" என்று ஒரு வரிப் பதில் வந்தது.

அந்த ஒரு வரிதான் என்னைப் பிடிவாதக்காரனாக்கியது. முதல் நிறுவனத்துக்கு மாதிரி எடுத்த அதே காலையில், அதே மலத்திலிருந்து இன்னொரு நிறுவனத்தின் குப்பியிலும் எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் சலுகை விலையில் தருகிறார்கள் என்று மகனுடைய நண்பர் ஒருவர் கொடுத்த பெட்டி அது. முதல் அறிக்கை வரும்வரை அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவன், உறையில் எழுதியிருந்த கெடு முடிவதற்குள் அனுப்பிவிட்டேன். அதற்கு என் கைக்காசு ரூ. 7,000. இரண்டாவது அறிக்கை எனக்கு 71 மதிப்பெண் கொடுத்தது. முதல் அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்றிருந்த அக்கர்மான்சியா என்னும் பாக்டீரியா, இரண்டாவதில் "போதிய அளவு" இருந்தது. ப்ரிவோட்டெல்லா இதில் பச்சை நிறம். பன்மை, அதாவது எத்தனை வகை நுண்ணுயிர்கள் கலந்திருக்கின்றன என்பது, முதலாவதில் "குறைவு", இரண்டாவதில் "சராசரிக்கு மேல்". ஒரே மனிதன், ஒரே காலை, ஒரே மலம்.

யாரும் பொய் சொல்கிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. மாதிரியிலிருந்து டி.என்.ஏ.-வைப் பிரித்தெடுக்கும் விதம் ஒவ்வோர் ஆய்வகத்திலும் வேறு. தடித்த சுவருள்ள பாக்டீரியாக்களை நன்றாக உடைக்காவிட்டால் அவை குறைந்தே காணப்படும். முதல் நிறுவனம் 16எஸ் எனப்படும் ஒரே ஒரு மரபணுவின் துண்டை மட்டும் படித்தது. இரண்டாவது, மாதிரியிலுள்ள எல்லா டி.என்.ஏ.-வையும் துண்டு துண்டாகப் படிக்கும் முறையைப் பயன்படுத்தியது. முன்னது மலிவு, ஆனால் பெரும்பாலும் பேரினம்வரைதான் நம்பகமாகச் சொல்லும். பின்னது இனம்வரை இறங்கிச் சொல்லும். ஒப்பிடும் தரவுத்தளமும் மதிப்பெண் போடும் சூத்திரமும் அவரவர் சொந்தம். ஆய்வாளர்கள் ஒரே முறையில் ஆயிரம் பேரைச் சோதித்து ஒப்பிடும்போது இந்த முறைகள் பயன்படுகின்றன. ஒரு தனிமனிதனுக்கு 54 என்றும் 71 என்றும் எழுதிக் கொடுப்பதற்கு அவை இன்னும் பக்குவப்படவில்லை. இரத்தச் சர்க்கரைக்கு இருப்பதுபோல, ஆரோக்கியமான குடல் நுண்ணுயிர்த் தொகுதி இதுதான் என்று எல்லாரும் ஏற்ற எல்லை இதுவரை வகுக்கப்படவில்லை. 2024-இன் இறுதியில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் கருத்தொற்றுமை அறிக்கையும், மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் இவ்வகைச் சோதனையைச் செய்துகொள்வதை ஊக்குவிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், நுண்ணுயிர்த் தொகுதி ஆளுக்கு ஆள் வேறுபடுவதோடு மிக அதிகமாகத் தொடர்புடைய அம்சம் மலத்தின் இளக்கமும் இறுக்கமும்தான் என்று தெரியவந்தது. குடலில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதைப் பொறுத்து அதில் வாழ்பவையும் மாறும் என்பது எளிதில் விளங்கக்கூடியதே. மலத்தின் தன்மையை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை பல ஆண்டுகளாக மருத்துவர்களின் கையில் இருக்கிறது; காசு செலவில்லாதது. அறுபது கேள்விகளில் என் இராசியைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் கேட்ட செயலி, அன்று காலை எப்படிப் போனது என்று மட்டும் கேட்கவில்லை.

இப்போது அந்த 'ஆம்' விஷயத்துக்கு வருகிறேன். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு ஐந்தாவது வாரத்தில் மாதிரி கொடுத்திருக்கிறேன். கேள்வித்தாளில் அதைத் தெளிவாகக் குறித்திருக்கிறேன். அறிக்கையின் நாற்பத்திரண்டு பக்கத்திலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இது சிறிய விடுபடல் அன்று. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 ஆரோக்கியமான ஆண்களுக்கு நான்கு நாள் மூன்று வலுவான ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களின் குடல் சுமார் ஒன்றரை மாதத்தில் பழைய நிலையை நெருங்கியது; ஆனால் முன்பு எல்லாரிடமும் இருந்த 9 இனங்கள், 180 நாள் கழித்தும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை. எனக்குக் கொடுத்தது அவ்வளவு வலுவான மருந்தன்று என்றாலும், மீண்டுகொண்டிருக்கும் குடலை நடுவழியில் புகைப்படம் எடுத்து, அதுவே என் நிரந்தர முகம் என்று கையில் கொடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம். "மூன்று மாதம் பொறுத்து மாதிரி அனுப்புங்கள்" என்று செயலியில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். விற்பனை மூன்று மாதம் தள்ளிப்போயிருக்கும் என்பதைத் தவிர அதில் என்ன நட்டம்?

அறிக்கையின் முப்பத்தாறாம் பக்கத்தில் நிறுவனத்தின் சொந்தப் புரோபயாடிக் (உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய) உறை மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தது: மாதம் ரூ. 1,800, மூன்று மாதம் சாப்பிட வேண்டும். என் நிலையில் இருப்பவருக்கு இதைப் பரிந்துரைக்கும் முன்பு ஒரு முறைக்கு இரு முறை யோசித்திருக்க வேண்டும். வைஸ்மன் நிறுவனத்தில் நடந்த இன்னோர் ஆய்வு, இதுவும் 2018-இல் வெளியானது, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களை மூன்று குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒரு குழுவுக்கு 11 வகை நுண்ணுயிர் அடங்கிய புரோபயாடிக். மூன்றாவது குழுவுக்கு மருந்துக்கு முன்பே சேமித்து வைத்த அவரவர் சொந்த மலத்தின் நுண்ணுயிர்கள். சொந்த நுண்ணுயிர்கள் திரும்பப் பெற்றவர்கள் சில நாளிலேயே மீண்டார்கள். எதுவும் எடுக்காதவர்கள் அடுத்து வந்தார்கள். புரோபயாடிக் சாப்பிட்டவர்களின் பழைய நுண்ணுயிர்த் தொகுதி திரும்புவதற்குத்தான் மிக நீண்ட காலம் பிடித்தது. வந்த விருந்தாளிகள் வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. சிறிய ஆய்வுதான், எல்லா வகைப் புரோபயாடிக்குக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துச் சில குறிப்பிட்ட வகைகளைக் கொடுத்தால் டிஃபிசில் தொற்று வரும் வாய்ப்புக் குறையலாம் என்று அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கமே 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டுதல், வயிற்றுவலியோடு பேதியோ மலச்சிக்கலோ தொடரும் எரிச்சல் குடல் நோய்க்குப் புரோபயாடிக்கை ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்கவில்லை. எந்த இனம், எந்தக் கிளைவகை, எந்த நோய்க்கு என்பதைப் பொறுத்தே பலன். "உங்கள் மதிப்பெண் 54, ஆகவே எங்கள் மாத்திரை" என்பதற்கு எந்த வழிகாட்டுதலிலும் இடமில்லை.

மன நலத்தைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருளான செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் உருவாகிறது, ஆகவே குடல் சீரானால் மனம் மகிழும் என்று எழுதியிருந்தார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் குடலில் உருவாகும் செரோட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாகவும் வேறு வழிகளிலும் பேச்சுவார்த்தை உண்டுதான். அதை இப்படி ஒரே தாவலில் முடித்துவிட முடியாது.

உணவுப் பட்டியல் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. கேல் கீரை, அவகாடோ, ப்ளூபெர்ரி, சால்மன் மீன், கிம்ச்சி ஆகியவை உண்ண வேண்டியவை. அரிசி, தேங்காய், உருளைக்கிழங்கு தவிர்க்க வேண்டியவை. சிம்மக்கல்லில் இப்போது அவகாடோ கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் வாழைப்பூவும் கொள்ளும் கேழ்வரகும் கிடைக்கும் ஊரில் வாழ்பவனுக்குக் கேல் கீரையைப் பரிந்துரைப்பது, அந்தப் பட்டியல் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டு எல்லாருக்கும் ஒட்டப்படுகிறது என்பதைத்தான் காட்டுகிறது. புளித்த உணவைப் பற்றிய பரிந்துரைக்கு அடிப்படை உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரைக் கொண்டு பத்து வாரம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளைக் கூட்டியவர்களின் குடல் நுண்ணுயிர்ப் பன்மை உயர்ந்தது; இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தை மட்டும் கூட்டிய குழுவில் பன்மை அதே காலத்துக்குள் அப்படி உயரவில்லை. கிம்ச்சிக்குப் பதில் நம் வீட்டுத் தயிரும் மோரும் பழைய சோறும் அதே வேலையைச் செய்யுமா என்பது நியாயமான கேள்வி. தயிரிலுள்ள உயிருள்ள பாக்டீரியாக்கள் பால்சர்க்கரையைச் செரிக்கத் துணைபுரிகின்றன என்பது நிறுவப்பட்டது. பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர் மேற்கொண்டிருக்கிறார்கள். இட்லியை இந்தக் கணக்கில் சேர்க்கும் அன்பர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியாக்கள் இட்லிச் சட்டியின் ஆவியில் இறந்துவிடுகின்றன. இட்லி நல்ல உணவு. உயிருள்ள பாக்டீரியாவைத் தரும் உணவு அன்று.

இவ்வளவு குறைக்கும் நடுவே ஒரு நிறைவும் கிடைத்தது. கட்டணத்தோடு உணவியல் நிபுணர் ஒருவரின் இருபது நிமிடத் தொலைபேசி ஆலோசனையும் சேர்ந்திருந்தது. பேசியவர் இளம் பெண், கோயம்புத்தூர்ப் பேச்சு. அறிக்கையின் பக்கங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ எடுத்தவுடன், "சார், இதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நாள் கணக்கைச் சொன்னதும், "அப்ப இந்த நம்பரையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க சார், நேத்து என்னென்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். வயிறு கெட்டதிலிருந்து பயந்துபோய், பயறு, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரொட்டியும் ரசம் சோறுமாகச் சாப்பிட்டு வந்ததும், இடையிடையே "நார்ச்சத்து வேண்டும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் தின்றதும் அப்போதுதான் எனக்கே உறைத்தது. குடலில் புளிக்கவைப்பவை குறைந்திருக்கும் காலத்தில் திடீரென்று நாரைக் கொட்டினால் வாயு மிகுவது இயல்பு என்று அவர் விளக்கினார். முதல் வாரம் பாசிப்பருப்பு, அடுத்த வாரம் அரைக் கரண்டி கீரை, பிறகு ஊறவைத்து நன்றாக வெந்த பயறு கொஞ்சம், மதியம் நீர்மோர், அரிசியை நிறுத்த வேண்டாம் என்று வரிசை போட்டுக் கொடுத்தார். நிறுவனத்தின் புரோபயாடிக் மாத்திரையைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "உங்க இஷ்டம் சார்" என்று இழுத்தார். அந்த இழுப்பில் எல்லாம் இருந்தது.

ஆறு வாரத்தில் உப்புசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர் சொன்ன உணவு முறையால் சரியானதா, நாள் ஆனதால் தானே சரியானதா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டும் கலந்தே இருக்கலாம். இதற்கிடையே எங்கள் தெரு மருத்துவரையும் பார்த்தேன். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, எடை குறைந்ததா, மலத்தில் இரத்தம் வந்ததா, காய்ச்சல் உண்டா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வயிற்றுப்போக்கு உண்டா என்று நான்கு கேள்வி கேட்டார். எதுவும் இல்லை என்றதும் சாதாரண மலப் பரிசோதனை ஒன்றை எழுதிக் கொடுத்தார்; அதுவும் சரியாகவே இருந்தது. அந்த நான்கில் ஏதேனும் ஒன்று இருந்திருந்தால் பார்க்க வேண்டிய சோதனைகள் வேறு என்றும், அவற்றுள் இந்த நாற்பத்திரண்டு பக்கம் இல்லை என்றும் சொன்னார். குடல் அழற்சி, புற்றுநோய், தைராய்டுக் கோளாறு ஆகியவற்றில் எதையும் இந்த அறிக்கை கண்டுபிடிக்காது. கடைசிப் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் "இது நோயறியும் சோதனை அன்று" என்று நிறுவனமே எழுதியிருக்கிறது. முதல் பக்கத்து 54 என்ற எண்ணின் அளவுக்கு அந்த வரியையும் அச்சிட்டிருக்கலாம்.

தரவுகளைப் பற்றி ஒரு சொல். ஒப்புதல் படிவத்தில், பெயர் நீக்கப்பட்ட என் தரவை "ஆய்வுக்கும் கூட்டாளி நிறுவனங்களுக்கும்" பயன்படுத்தலாம் என்ற கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்தது, நீக்கிவிட்டேன். இந்தத் தொழிலில் மிகப் புகழ்பெற்றிருந்த அமெரிக்க நிறுவனமான யூபயோம், 2019 ஏப்ரலில் அந்நாட்டு மத்தியப் புலனாய்வுத் துறையின் (எஃப்.பி.ஐ.) சோதனைக்கு உள்ளாகி அதே ஆண்டில் திவாலானது. காப்பீட்டு நிறுவனங்களிடம் மோசடியாகப் பணம் கோரியதாக அதன் நிறுவனர்கள் மீது 2021-இல் குற்றம் சாட்டப்பட்டது. நிறுவனம் போய்விடலாம், கொடுத்த மாதிரியின் தகவல் யாரிடம் போய்ச் சேரும் என்பதைப் படிவத்தில் படித்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று பெட்டிக்கும் கூரியர் ஒழுங்குக்கும். மற்றொன்று அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு. அவருடைய இருபது நிமிடத்தை மட்டும் தனியாக ரூ. 500-க்கு விற்றால் மறுபடியும் வாங்குவேன். சென்ற வாரம் நிறுவனத்திடமிருந்து, மறுபரிசோதனைக்கு 30 விழுக்காடு தள்ளுபடி என்று குறுஞ்செய்தி வந்தது. இம்முறை ஆன்டிபயாட்டிக் விவரத்தை அறிக்கையில் கணக்கில் எடுத்துக்கொள்வீர்களா என்று பதில் எழுதினேன். மாத்திரைக்கும் தள்ளுபடி உண்டு என்று பதில் வந்தது.

பரிசாக வந்தோ முன்பே பணம் கட்டியோ பெட்டி வீட்டில் இருப்பவர்கள் அதை வீணாக்க வேண்டியதில்லை. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்கட்டும். பேதியோ மலச்சிக்கலோ இருக்கும் வாரத்தில் மாதிரி எடுக்காதீர்கள். அன்றைய பிரிஸ்டல் எண்ணை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். மலிவான வகை என்றால் பேரினத்துக்குக் கீழே எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். குப்பியின் காலாவதித் தேதி பெட்டியின் அடிப்புறத்தில் இருக்கும். தள்ளிப்போடும் முன்பு அதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.